கனகவல்லி வெட்டியெடுத்த வரன்கள்

கனகவல்லிக்கு மனிதர்கள்மேல் இருந்த மரியாதை போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. கல்யாணத் தரகு வேலைக்கு மரியாதை ஒரு இடைஞ்சல் என்பது அவள் கட்சி. பையனைப் பெற்றவர் பெண்வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு, "எங்களுக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லீங்க" என்று சொல்வார். சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் கண் வாசலில் நிற்கும் காரை அளந்துவிட்டு வந்திருக்கும். அந்தக் கண்ணைப் பார்க்கத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் நிற்க முடியும்.

பிறந்தது அனகாபுத்தூர். வாக்கப்பட்டதும் அதே ஊரில் இரண்டு தெரு தள்ளித்தான். புருஷன் சுகுமார் ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர். காலை ஷிஃப்டுக்கு ஒரு கூட்டத்தைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, முடிந்த ஷிஃப்டில் ஒரு கூட்டத்தை அள்ளிக்கொண்டு வருவார். உலகத்தில் கனகவல்லி இளக்காரமாகப் பார்க்காத ஒரே ஆண் அவர்தான். அதற்கும் காரணம், அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்.

முதலில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு திருமணத் தகவல் நிலையத்தில் வேலை பார்த்தாள். ஜாதகத்தை நகலெடுத்து, ஓரத்தில் போட்டோவைப் பசை தடவி ஒட்டுகிற வேலை. முதலாளி தொழிலை மூடிக்கொண்டு போனபோது, பாதி ஜாதகங்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்து வீட்டிலேயே ஆரம்பித்தாள். அப்புறம் அந்தப் பெருவெள்ளம் வந்தது. அடையாறு கரையுடைத்து வீட்டுக்குள் புகுந்து பரண்வரை ஏறியதில் அத்தனை ஜாதகமும் கூழாகிவிட்டது. அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரித்தார்கள். "அந்தப் பசங்களை ஆத்தோட அனுப்பினது நல்லதுதான். கரையேறினா மட்டும் எவ கட்டிக்கப் போறா?" என்றாள் கனகவல்லி.

வெள்ளத்துக்குப் பிறகு ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் குடிவந்தார்கள். முன்னறையில் ஒரு மேஜை, ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று, வாசலில் பிளக்ஸ் போர்டு. "கனகவல்லி வரன் தகவல் மையம். அனைத்துச் சமூகத்தினருக்கும்." அந்த இரண்டாவது வரியைப் படித்துவிட்டு உள்ளே வருகிற ஒவ்வொருவரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நம்மாளுங்கள்ல மட்டும் பாருங்கம்மா" என்பார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரித் தலையாட்டுவாள்.

அந்த நேரத்தில் கல்யாண வெப்சைட்டுகள் பெருகிவிட்டன. தரகர்கள் எல்லாரும் ஒழிந்தார்கள் என்று பேச்சு. கனகவல்லி ஒழியவில்லை. அந்த வெப்சைட்டுகளிலேயே உறுப்பினராகச் சேர்ந்தாள். அங்கே இருக்கிற பெண்ணைப் பார்த்து, போட்டோவை எடுத்து, தான் தேடிக் கண்டுபிடித்த வரனாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பையனைப் பெற்றவர்கள் கையிலும் அதே வெப்சைட் இருந்தது. ஆனால் போனில் தானே பார்த்தால் அது விளம்பரம். கனகவல்லி அனுப்பினால் அது சம்பந்தம். இந்த ஒரு விஷயத்தில் ஜனங்களின் முட்டாள்தனத்தை அவள் முழுசாக நம்பினாள். அது அவளைக் கைவிட்டதே இல்லை.

போட்டோவை எடுப்பதற்குத்தான் கொஞ்சம் வித்தை வேண்டியிருந்தது. மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் "அனுமதி இல்லை" என்று வரும். காவல் போட்டார்களாம். கீபோர்டின் மேல்வரிசை ஓரத்தில், எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் நடக்காத ஒரு கீ இருந்தது. பிரிண்ட் ஸ்கிரீன் என்று எழுதியிருக்கும். பிரிண்டருக்கான கீ, நம்மிடம் பிரிண்டர் இல்லை என்று விட்டிருந்தாள். ஒருநாள் துடைக்கும்போது விரல் பட்டது. அதற்கப்புறம் பெயிண்ட் என்கிற படம் வரையும் புரோகிராமைத் திறந்து எதையோ ஒட்டப்போனால், திரை முழுக்க அப்படியே வந்து விழுந்தது. பெண்ணின் முகம், ஊர், உயரம், கீழே ஓடும் நகைக்கடை விளம்பரம், எல்லாம். வாசற்கதவுக்குப் பெரிய பூட்டைப் போட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்துவைத்திருக்கிறான்கள் என்று சிரித்துக்கொண்டாள்.

போகப்போக மற்றதும் பிடிபட்டது. ஆல்ட் கீயைச் சேர்த்து அழுத்தினால் திறந்திருக்கும் ஜன்னல் மட்டும் வரும். விண்டோஸ் கீயோடு அழுத்தினால் படம் தானாகவே ஒரு ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். விண்டோஸ், ஷிஃப்ட், எஸ், மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை மங்கும். மவுஸைப் பிடித்து இழுத்து, வேண்டிய இடத்தை மட்டும் கட்டம் கட்டி வெட்டிக்கொள்ளலாம். அதுதான் அவளுக்குப் பிடித்தது. கத்தரிக்கோல் வைத்த காலத்தில்கூட இவ்வளவு சுத்தமாக வெட்டியதில்லை. வெப்சைட்டின் பெயர் போகும், போன் நம்பர் போகும், "வேலைக்குப் போவதை நிறுத்த விருப்பமில்லை" என்று பெண் எழுதியிருக்கும் வரி போகும். முகம் மட்டும் மிஞ்சும்.

சில பெண்கள் போட்டோவைப் பூட்டி வைத்திருப்பார்கள். பிடித்த வரன் கேட்டால்தான் திறந்து காட்டுவார்கள். அதற்காகக் கனகவல்லி ஒரு மாப்பிள்ளையையே உண்டாக்கினாள். பெயர் கார்த்தி. வயது முப்பத்துமூன்று, பெங்களூரில் வேலை. புத்தகம் படிப்பான், பூனை வளர்க்கிறான். போட்டோ கிடையாது. "பரஸ்பர நம்பிக்கைக்குப் பிறகு" என்று போட்டிருந்தாள். கேட்ட பெண்களில் பாதிப்பேர் கார்த்திக்குத் திறந்து காட்டினார்கள். படம் கைக்கு வந்ததும் கார்த்தி பேச்சை நிறுத்திவிடுவான்.

தொழிலில் அவளுக்குக் கூட்டாளி ரோஸி. பல்லாவரத்துக்காரி, சர்ச் பக்கத்து வரன்களைப் பார்க்கிறவள். கனகவல்லியின் திரை எப்போதும் இரண்டு பாதியாக இருக்கும். இடது பாதியில் வெப்சைட், வலது பாதியில் வாட்ஸ்அப். அங்கே நாள் முழுக்க ரோஸியோடு பேச்சு ஓடும். இருவரும் வாடிக்கையாளர்களை உரித்துத் தொங்கவிடுவார்கள். அது இல்லாவிட்டால் இந்தத் தொழிலைச் செய்யவே முடியாது என்பாள் ரோஸி.

அப்படி அதிகம் உரிக்கப்பட்டவர்கள் மாடம்பாக்கத்து அப்பாதுரை வீட்டார்தான். அப்பாதுரை அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். மனைவி ஜோதிலட்சுமி. ஒரே பையன் பரணி, சிறுசேரியில் ஏதோ ஐ.டி. வேலை. வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் சிவப்பாக இருக்கவேண்டும், பையனைவிடக் குள்ளமாக இருக்கவேண்டும், கண்ணாடி கூடாது. நல்ல வேலையில் இருக்கவேண்டும், கல்யாணமானதும் விட்டுவிடவேண்டும். பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஜோதிலட்சுமி பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, எண்ணெயை முகர்ந்து பார்ப்பாள். கனகவல்லி அவர்கள் வீட்டுக்குப் போனால், அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் காப்பி வரும். அவளுக்கு மட்டும் பேப்பர் கப். அதைக் குடித்து முடித்து அவளே வாசல் குப்பைக்கூடையில் போடவேண்டும். சிரித்துக்கொண்டேதான் போடுவாள். அவர்கள் தன்னைப் பார்ப்பதைவிடக் கீழாக அவர்களைத் தான் பார்ப்பதால் கணக்கு சரியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை காலை அவளுக்கு மிருதுளா என்ற பெண் அகப்பட்டாள். குரோம்பேட்டையில் பிசியோதெரபிஸ்ட். சிவப்பு, உயரம் குறைவு, கண்ணாடி இல்லை. கார்த்தியின் பெயரில் கேட்டதும் போட்டோவைத் திறந்து, "ஹலோ, உங்க பூனை பேர் என்ன?" என்று ஒரு வரியும் அனுப்பியிருந்தாள். மாடம்பாக்கத்துக்கு ஆயிற்று என்று கனகவல்லி விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் அழுத்தினாள். ஆனால் அன்று மவுஸ் மக்கர் பண்ணியது. தட்டினால் கேட்டது. பிடித்து இழுத்தால் பாதியில் விட்டுவிட்டது. பெண்ணின் நெற்றி மட்டும் வந்தது, அடுத்த முறை ஒரு காது வந்தது. சலித்துப்போய் விண்டோஸ் கீயோடு பிரிண்ட் ஸ்கிரீனைத் தட்டினாள். முழுத்திரையையும் எடுத்துப் பெயிண்டில் போட்டுக் கத்தரித்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

அப்போது ஜோதிலட்சுமி போன் பண்ணினாள். "இன்னிக்கு ஒரு நல்ல போட்டோ அனுப்பறேன்னீங்களே, பரணி அப்பா போனைக் கையிலயே வெச்சிட்டு உக்காந்திருக்காரு."

"இதோ அனுப்பறேங்க."

"நீங்க எப்பவும் இதோம்பீங்க."

கனகவல்லிக்குச் சுருக்கென்றது. தோளில் போனை இடுக்கிக்கொண்டு, அப்பாதுரையின் வாட்ஸ்அப்பைத் திறந்து, இன்னும் கத்தரிக்கவில்லை என்பதை மறந்து, கண்ட்ரோல் வி அழுத்தி ஒட்டி, என்டரையும் அழுத்திவிட்டாள். "வந்துடுச்சு" என்றாள் ஜோதிலட்சுமி. அடுத்த நொடி லைனைத் துண்டித்துவிட்டாள்.

கனகவல்லி திரையைப் பார்த்தாள். போனது முழுப்படம். இடதுபக்கம் மிருதுளா, தலைமாட்டில் "வணக்கம், கார்த்தி". வலதுபக்கம் ரோஸியோடு நடந்த பேச்சு, எழுத்து எழுத்தாக.

"இன்னாக்கா, மாடம்பாக்கம் பார்ட்டிக்கு இன்னும் பொண்ணு தேடிகினு கீறியா?"

"அவங்க எங்க பொண்ணு தேடறாங்க. ஃப்ரிட்ஜ் வாங்க வந்திருக்காங்க. கதவைத் தொறந்து மூடிப் பாத்துட்டு அடுத்த கடைக்குப் போறாங்க."

"பையன் எப்டி?"

"அந்த ஃப்ரிட்ஜுல வெக்க வேண்டிய மாவு. வெளியிலயே இருந்து புளிச்சுப்போச்சு."

"அந்தம்மா?"

"அந்தம்மா தராசு. அவரு எடைக்கல்லு. அவங்க எந்தத் தட்டுல வெச்சாலும் அங்கயே உக்காந்துப்பாரு."

அனுப்பியதை அழித்தாள். ஆனால் பரணி அதற்குள் அந்தப் படத்தைத் தன் போனில் இன்னொரு படம் எடுத்து வைத்துவிட்டான். வாழ்நாளில் அவன் தாமதமில்லாமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று கனகவல்லி பிற்பாடு சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். சுகுமார் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பாதுரை படத்தைப் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எவனோ என் வாட்ஸ்அப்பை ஹேக் பண்ணிவிட்டான் என்று கனகவல்லி சொல்லியிருக்கலாம். ஊரில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அவளும் அதை யோசித்துப் பார்த்தாள். இவர்களுக்காக ஒரு பொய்யைக்கூடச் செலவழிக்க மனம் வரவில்லை.

"நாங்க உங்களைக் குடும்பத்துல ஒருத்தியாத்தான் நெனச்சோம்" என்றார் அப்பாதுரை.

"குடும்பத்துல எல்லாருக்குமே பேப்பர் கப்புதானா சார்?"

அப்பாதுரைக்குப் புரியவில்லை. ஜோதிலட்சுமிக்குப் புரிந்தது. அவள் முகம் கறுத்தது.

"நாங்க பொண்ணு எடுக்கறோம். நாலு இடம் பாத்துத்தான் எடுப்போம். அதுல என்ன தப்பு?"

"தப்புன்னு சொன்னேனா? ஃப்ரிட்ஜும் நாலு கடை பாத்துத்தானேம்மா எடுக்கணும்."

பரணி அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கி, "மாவுன்னு சொன்னது நீங்களா, இல்ல அந்த ரோஸியா?" என்றான்.

"நான்தான் தம்பி."

"சரி" என்று மறுபடி தரையைப் பார்த்துக்கொண்டான். கேட்டு என்ன செய்யப்போகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலமே, இந்தத் தரகரை நம்பாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு, படம் அப்பாதுரையின் ஓய்வூதியர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஏறியது. அங்கிருந்து சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர், படப்பை என்று ஓடியது. தொழில் போயிற்று என்று கனகவல்லி எதிர்பார்த்தாள். போன்கள் வந்தன. யாரும் திட்டவில்லை. ஒரு சுற்று நலம் விசாரித்துவிட்டு, "எங்களைப் பத்தியும் ஏதாவது எழுதியிருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். இல்லை என்றால் நிம்மதியடைந்தார்கள். ஆனால் அந்த நிம்மதிக்கு அடியில் ஒரு ஏமாற்றமும் இருந்தது. எழுதத் தகுதியில்லாத குடும்பமாகிவிட்டோமோ என்று ஒரு அம்மாள் குறைப்பட்டே போய்விட்டாள். இவர்களுக்குச் சொரணை என்று ஒன்று இருப்பதாக நினைத்து ஒரு நாள் பயந்தோமே என்று கனகவல்லிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மிருதுளா வந்தது அதற்கடுத்த வாரம். வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். கையில் ஹெல்மெட், தோளில் பை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"கார்த்திங்கறது யாரு?"

"முதல்ல உக்காரும்மா, தண்ணி குடி."

"கார்த்தி யாருன்னு கேட்டேன்."

சுற்றி வளைக்கலாம் என்று வாயைத் திறந்த கனகவல்லி, அந்தப் பெண் நின்ற விதத்தைப் பார்த்து, "நான்தான்" என்றாள்.

"பெங்களூர், புத்தகம், பூனை, எல்லாம் நீங்க எழுதினதா?"

"பூனை போட்டா பொண்ணுங்க போட்டோவைத் தொறந்துடுவாங்க." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

மிருதுளா தலையை ஆட்டினாள். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. "பதில் வரும்னு பாத்துட்டிருந்தேன். வரலைன்னதும் என் போட்டோவைப் பாத்துப் பிடிக்காம போயிடுச்சுபோலன்னு நெனச்சேன். அப்புறம் எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒரு பேஷண்ட்டே, இது நீங்கதானே மேடம்னு போனைக் காட்டறாரு. அனுப்பினது நீங்கன்னும் அவருதான் சொன்னாரு. யாரோ ஃப்ரிட்ஜ் வாங்க வந்தாங்கன்னு அதுல எழுதியிருக்கு."

"அது அந்த மாடம்பாக்கத்துக்காரங்களைப் பத்தி எழுதினது. உன்னை இல்லம்மா."

"அது புரிஞ்சுது. அவங்க கதவைத் தொறந்து மூடிப் பாக்கறாங்க. சரி, கடை போட்டது யாரு?"

மிருதுளா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வை கனகவல்லிக்குத் தெரியும். காலையிலிருந்து ராத்திரிவரை அவள் மற்றவர்கள்மேல் போடுகிற பார்வை அது. ஜோதிலட்சுமியின் பேப்பர் கப்புக்குப் பதிலாகத் திருப்பிக் கொடுக்க அவளிடம் எவ்வளவோ இருந்தது. இந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுக்கத் தேடிப்பார்த்தாள். ஒன்றுமில்லை.

"என் படத்தை அழிச்சிடுங்க."

கனகவல்லி ஃபோல்டரைத் திறந்தாள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் பெண்கள். பட்டுப்புடவையில், ஆபீஸ் அடையாள அட்டையோடு, கடற்கரையில், அத்தையின் தோளை வெட்டிவிட்டு மிச்சம் நின்றவளாக. சுழற்றச் சுழற்ற வந்துகொண்டே இருந்தார்கள். மிருதுளா குனிந்து பார்த்தாள்.

"இவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

கனகவல்லி மிருதுளாவின் படத்தைத் தேடி அழித்தாள்.

"ரீசைக்கிள் பின்லேருந்தும் எடுங்க."

அதையும் செய்தாள். மிருதுளா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினாள். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

அன்றைக்கே கனகவல்லி கார்த்தியை மூடினாள். போன் போட்டு ரோஸியிடம் சொன்னாள். வாட்ஸ்அப்பில் எழுதுவதை ரோஸி அடியோடு நிறுத்தியிருந்தாள்.

"இன்னாத்துக்குக்கா? போலீஸுக்கு பயந்துட்டியா, அந்தப் பொண்ணுக்கு பயந்துட்டியா?"

"போலீஸுக்குத்தான்."

"சும்மா சொல்லாத."

"வெச்சிடு ரோஸி."

ஃபோல்டரில் இருந்தவர்களை அழிக்க ஒரு வாரம் பிடித்தது. மொத்தமாகத் தேர்ந்து ஒரே தட்டில் அழித்திருக்கலாம், அந்தக் குறுக்குவழியும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொருத்தியாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அழித்தாள். பாதிப்பேரின் பெயர் நினைவில்லை. அவளே வெட்டியெறிந்த வரிகளில் போயிருந்தது. இவள் என்ன எழுதியிருந்தாள், எதை வேண்டாமென்றாள் என்று சில முகங்களைப் பார்த்து யோசித்தாள். தெரிந்துகொள்ள வழியில்லை. சுகுமார் ஒருமுறை விழித்தெழுந்து வந்து, "இன்னா கனகு, கடையைக் காலி பண்றியா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

கடையைக் காலி பண்ணவில்லை. அவளுக்குத் தெரிந்த தொழில் அதுதான். தானாகத் தேடி வருகிறவர்களை மட்டும் பார்க்கிறாள். வரும்படி சுருங்கியது. இளக்காரம் சுருங்கவில்லை. பரணிக்குப் படப்பைப் பக்கம் வேறொரு தரகர் மூலம் முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டபோது, அந்தப் பெண்ணின் உயரத்தைப்பற்றி அவள் விசாரிக்கவில்லை. பாவம், எந்த உயரமானாலும் அந்த வீட்டில் குனிந்து குனிந்துதானே வாழப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

போன மாதம் பெருங்களத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். மகள் பெயர் உதயா. ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். போட்டோ, ஜாதகம் எல்லாம் அனுப்பிவிடுவதாகவும் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"பொண்ணுக்குத் தெரியுமா சார்?"

"எது?"

"போட்டோ கொடுக்கறது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு வேணாம்னு."

"அவளை எதுக்கும்மா கேக்கணும்? பெத்தவன் நான் சொல்றேன்ல."

கனகவல்லி உதட்டைப் பிதுக்கினாள். இந்த ஆளை எழுதினால் இரண்டு வரியில் எழுதிவிடலாம். ரோஸி படித்திருந்தால் சிரித்திருப்பாள்.

"இப்ப வீட்லதான் இருக்காளா?"

"உள்ளதான் இருக்கா. பேப்பர் திருத்திட்டு இருக்கா."

"அப்ப போய்க் கேட்டுட்டு வாங்க சார்."

"அப்புறமாக் கேட்டுச் சொல்றேனே."

"பரவால்ல சார், இப்பவே கேளுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. நாற்காலி நகர்ந்தது. செருப்பைத் தேய்த்துக்கொண்டு அவர் உள்ளே நடந்துபோவது கேட்டது.